எதிரே இருப்பவரிடம் ஒரு வார்த்தை



கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா ஒரு வீடியோவைப் போட்டிருக்கிறார். தேர்தல் நேரம். பக்கத்து மாவட்டத்தில் நேற்று நடந்த கலவரம் என்று அதில் எழுதியிருந்தது. உண்மையில் அது வேறு மாநிலத்தில் என்றோ நடந்தது. வாசகிக்கு அது தெரியும். உண்மையை விளக்கும் செய்தியின் லிங்க்கை எடுத்துப் போட்டு, “பெரியப்பா, இது பழைய வீடியோ. அனுப்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் பார்க்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டார். தம்பிகள் இரண்டு பேர் உடனே சிரிக்கிற பொம்மையைப் போட்டார்கள். அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சம்பந்தி வீட்டாரையும் அப்போதுதான் குரூப்பில் சேர்த்திருந்தார்கள். பெரியப்பா பதில் எழுதவில்லை. குரூப்பை விட்டே விலகிவிட்டார். அட்மினாக இருக்கும் அத்தை ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் விஷயம் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

“நான் சொன்னதில் என்ன தப்பு?” என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருந்தார். அவருக்குத் தனியாகப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இது அவர் ஒருவருடைய கேள்வி இல்லை என்று பட்டதால் இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை. பொய்யைப் பொய் என்று சொல்லத்தான் வேண்டும். பெரியவர் மனம் நோகுமே என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம், வழியில் பார்த்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. குழந்தை கடத்துகிறவர்கள் ஊருக்குள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. ஒரு மூதாட்டி உயிரிழந்தார். வேறு மாநிலங்களிலும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்கு முன்பே யாரோ ஒரு மருமகளோ, பேரனோ “இது உண்மை இல்லை” என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே பேசியது சரி. ஆனால் நீங்கள் யாரிடம் பேசினீர்கள்? பெரியப்பாவைக் கூப்பிட்டுத்தான் எழுதினீர்கள். படித்ததோ குடும்பம் மொத்தமும். வீடியோ உண்மையா பொய்யா என்ற கேள்வி அந்த நிமிடமே காணாமல் போய்விட்டது. சம்பந்தி வீட்டார் முன்னால் தன் மரியாதை போயிற்றே என்பது மட்டும்தான் அவருக்கு மிஞ்சியது. நீங்கள் போட்ட லிங்க்கை அவர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

சமூக ஊடகச் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார். ஆனால் அந்த மறுப்பு சொன்னவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதப்படுவதில்லை. சுற்றி நிற்பவர்கள் கைதட்ட வேண்டும் என்று எழுதப்படுகிறது. எழுதுகிறவருக்கே பல சமயம் இது தெரிவதில்லை. கேட்கிற பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் உடனே தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் எல்லோரும் பார்க்க நிற்கிறவர் அவர்தான்.

இது மனிதர்களின் கெட்ட குணம் மட்டும் அல்ல. நாம் பேசுகிற இடமே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. ட்விட்டரில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பகிர வேண்டுமானால் ஆரம்ப காலத்தில் கையால் எடுத்து ஒட்டித்தான் எழுத வேண்டும். 2009இல் அதற்கு ஒரு பொத்தான் வந்தது. பிறகு, பகிரும்போதே தலையில் நம்முடைய கேலியையும் சேர்த்துப் போட வசதி வந்தது. அந்த முதல் பொத்தானை உருவாக்கிய குழுவின் தலைவர் கிறிஸ் வெதரெல், பத்தாண்டு கழித்து, அதைச் செய்ததற்காக வெளிப்படையாக வருந்தினார். கையால் ஒட்டும்போது கிடைத்த அந்த அரை நிமிடத்தில் மனிதர்கள் யோசித்திருக்கிறார்கள். பொத்தான் அந்த அரை நிமிடத்தை எடுத்துவிட்டது.

முகநூல் கதை இன்னும் வருத்தமானது. 2016இல் லைக்கோடு கூட அன்பு, சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் என்ற பொம்மைகளையும் தந்தார்கள். அடுத்த ஆண்டு முதல், ஒரு பதிவை எத்தனை பேருக்குக் காட்டுவது என்று கணக்கிடும்போது, லைக்குக்கு ஒரு மதிப்பெண் என்றால் இந்தப் பொம்மைகள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். கோபத்துக்கும் ஐந்துதான். யாரையாவது கொதிக்கவைத்த பதிவு, அதனாலேயே இன்னும் நிறையப் பேர் கண்ணில் பட்டது. அந்த மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து, 2020இல் கோபத்துக்கு மட்டும் பூஜ்யம் ஆக்கினார்கள். நிறுவனத்துக்குள்ளிருந்து 2021இல் ஆவணங்கள் வெளிவந்தபோதுதான் இது ஊருக்குத் தெரிந்தது. அந்த இடைப்பட்ட வருடங்களில் எத்தனை நட்புகள் முறிந்தன, எத்தனை அண்ணன் தம்பிகள் பேசாமல் போனார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். தங்கள் கோபம் தங்களுடையது என்றுதான் அவர்கள் நம்பியிருப்பார்கள்.

நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதையே சொல்கிறது. துப்பாக்கிக் கட்டுப்பாடு, ஒருபாலினத் திருமணம், பருவநிலை மாற்றம் போன்ற சூடான விஷயங்களைப் பற்றிய ட்விட்டர் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். தர்மாவேசம் கலந்த சொல் ஒன்று கூடினால் பதிவு பரவும் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. ஆனால் அது பரவியது பெரும்பாலும் தன் பக்கத்து ஆட்களிடம்தான். எதிர்ப்பக்கத்துக்கு அந்த அளவு போய்ச் சேரவில்லை. யாரை மாற்ற வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறோமோ, அவர் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. ஏற்கனவே நம்மோடு ஒத்துப்போகிறவர்கள் படித்துக் குதூகலிக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இப்படி இல்லை என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் அச்சு இயந்திரம் பரவலான புதிதில் நம் பெரியவர்கள் போட்ட சண்டை சாதாரணமானது அல்ல. வள்ளலாரின் பாடல்கள் 1867இல் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சேறியபோது, அந்தப் பெயர் அவற்றுக்குப் பொருந்தாது என்று ஆறுமுக நாவலர் எதிர்த்தார். இரு தரப்பிலிருந்தும் கண்டன நூல்கள் வந்து விழுந்தன. 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. 1874இல் வள்ளலார் மறைந்தார். 1879இல் நாவலர் காலமானார். சண்டை மட்டும் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் கதிரைவேற்பிள்ளையும் மறைமலையடிகளும் இரு பக்கமும் நின்று மேடைகளில் மோதினார்கள். ஆளுக்குப் பதில் கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்த வாதம், ஆள் போன பிறகும் தானாக நடந்துகொண்டே இருக்கும் என்பதற்கு அது நம் வீட்டு உதாரணம்.

இன்னொரு சண்டையும் நம்மிடம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தமானது அது. 1930களின் நடுவில், பாரதியை மகாகவி என்று எழுத்தாளர் வ.ரா. கொண்டாடினார். கல்கி ஒப்புக்கொள்ளவில்லை. பாரதி நல்ல கவி, தேசத்தின் கவி, ஆனால் மகாகவி என்ற வரிசையில் வைக்க முடியாது என்பது அவர் கட்சி. பாரதி பக்தர்கள் கொதித்தார்கள். கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் கல்கிக்கு மறுப்பாகக் கட்டுரைகள் எழுதினார்கள். அவை ‘கண்ணன் என் கவி’ என்று புத்தகமாகவே வந்தன. நினைத்துப் பாருங்கள். ஒரு கருத்து பிடிக்கவில்லை, அதற்குப் பதிலாக ஒரு முழுப் புத்தகம். தமிழில் பாரதியைப் பற்றிய இலக்கிய விமர்சனத்துக்கு அதுவே ஒரு தொடக்கமாகவும் அமைந்துவிட்டது.

அந்த வாதமும் வாசகர்கள் முன்னால்தான் நடந்தது. கைதட்டலும் இருந்திருக்கும், குத்தலும் இருந்திருக்கும். ஆனால் எழுதியவர்கள், எதிராளி என்ன சொன்னார் என்பதை முதலில் முழுசாக எடுத்துவைத்துவிட்டுத்தான் மறுக்க முடிந்தது. கவிதை என்றால் என்ன, மகாகவிக்கு அளவுகோல் என்ன, மற்ற மொழிக் கவிகளோடு எப்படி ஒப்பிடுவது என்று பேச்சு விஷயத்தைச் சுற்றியே போனது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மனம் நிறைகிற இடம். மகாகவி இல்லை என்று வாதாடிய அதே கல்கி, எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னால் நின்றார். தன் பத்திரிகையில் எழுதி, வாசகர்களிடம் நிதி திரட்டினார். 1947 அக்டோபரில் ராஜாஜி அதைத் திறந்துவைத்தார். கருத்தில் மறுத்தவர் பாரதியை வெறுத்தவர் என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிற்று.

படிக்காமலே கோபப்படுவது வேறு விஷயம். எழுத்தாளர் பெருமாள் முருகனுக்கு நேர்ந்ததை நாம் மறக்கக் கூடாது. 2010இல் வந்த அவருடைய ‘மாதொருபாகன்’ நாவல் நான்கு ஆண்டுகள் அமைதியாகப் படிக்கப்பட்டது. 2014 டிசம்பரில், நாவலின் சில பக்கங்கள் மட்டும் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு ஊரில் கைமாறின. முன்னும் பின்னும் இல்லாத அந்தப் பக்கங்களை வைத்துத் திருச்செங்கோட்டில் போராட்டம், கடையடைப்பு. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய பேச்சுவார்த்தையில் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு முகநூலில், எழுத்தாளன் பெருமாள் முருகன் செத்துவிட்டான் என்று அவர் எழுதிய அறிவிப்பைப் படித்த அந்த இரவு இன்னும் என் நினைவில் இருக்கிறது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், புத்தகம் பிடிக்காதவர் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று தெளிவாகச் சொல்லி, அந்தப் பேச்சுவார்த்தை முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது; அவர் மறுபடி எழுத வர வேண்டும் என்றும் விரும்பியது. அவரும் வந்தார். அதே ஆண்டில் ‘கோழையின் பாடல்கள்’, ‘பூனாச்சி’ இரண்டும் வெளியாயின.

நாவலைப் படித்துவிட்டு, இது எங்கள் ஊரை, எங்கள் மூத்தவர்களை இழிவுபடுத்துகிறது என்று ஒருவர் எழுதினால் அதை நான் மதிப்பேன். அவருடைய வருத்தத்துக்கு இந்தப் பக்கங்களில் இடம் தருவேன். ஜெராக்ஸ் எடுத்த சில பக்கங்கள் விமர்சனம் ஆகாது. இன்று அந்த ஜெராக்ஸ் வேலையை ஸ்க்ரீன்ஷாட் செய்கிறது. முந்தைய வரியும் பிந்தைய வரியும் வெட்டப்பட்ட ஒரு படத்தைப் பார்த்துக் கை பரபரக்கும்போது, மூலப் பதிவைத் தேடிப் போய் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

நம் இதழின் முகநூல் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சமையல் பகுதியில் திருநெல்வேலி சொதி எழுதியிருந்தோம். பாசிப்பருப்பு வேகவைத்து, முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு போட்டு, மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் சேர்த்து இறக்கி, எலுமிச்சை பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுகிற, கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற அந்தச் சொதிதான். ஒருவர் வந்து, “இதுக்குப் பேர் சொதியா? சமைக்கத் தெரியாதவங்க எல்லாம் எழுத வந்துட்டாங்க” என்று போட்டார். அதற்குக் கீழே இன்னொருவர், அவரைப் பார்த்து, “உங்க ஊர்க்காரனுக்கு நாக்கு இருந்தாத்தானே ருசி தெரியும்” என்றார். சாயங்காலத்துக்குள் ஊர், சாதி, நாடு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. குறிப்பு எழுதிய அம்மா அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் எழுதவில்லை என்று போனில் சொன்னார். குரல் உடைந்திருந்தது.

எங்கள் உதவி ஆசிரியர் முதலில் எழுதியவருக்குத் தனிச் செய்தி அனுப்பினார். கண்டிக்கவில்லை. “உங்கள் வீட்டில் சொதி எப்படி வைப்பீர்கள்? எழுதி அனுப்ப முடியுமா?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் பதில் வந்தது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்தவர். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விட்டு இடியப்பத்துக்கு ஊற்றுவது அவர்கள் சொதி. அம்மா வைத்த முறை என்று ஒவ்வொரு அளவையும் எழுதியிருந்தார். பருப்புப் போட்ட ஒன்றைச் சொதி என்று பார்த்ததும், அம்மாவின் கைப்பக்குவத்தை யாரோ அழித்துவிட்டதுபோல இருந்ததாக ஒரு வரி. அந்தக் குறிப்பை அடுத்த இதழில் திருநெல்வேலிச் சொதிக்குப் பக்கத்திலேயே வெளியிட்டோம். எழுதமாட்டேன் என்ற அம்மா அதைச் செய்து பார்த்துவிட்டுப் போன் செய்தார். இப்போதும் எழுதுகிறார். இரண்டாவதாக எழுதியவருக்கும் இதே மாதிரி செய்தி அனுப்பினோம். அவர் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பத்திரிகைக்காரர்கள் பயந்துவிட்டார்கள் என்று எழுதிப் பகிர்ந்தார். அதற்கு நாங்கள் பதில் எழுதவில்லை. எல்லோரும் பேச வருகிறவர்கள் இல்லை. வரமாட்டேன் என்கிறவரை இழுத்துக்கொண்டு வர நம்மால் ஆகாது, அதற்காக நம் பொழுதையும் நிம்மதியையும் கொடுக்க வேண்டியதும் இல்லை.

வசவு வேறு, விமர்சனம் வேறு. பெண்களின் சொத்துரிமை பற்றித் தொடர் எழுதிய நம் எழுத்தாளருக்கு, கட்டுரையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், அவருடைய புகைப்படத்தை வைத்து வந்த ஆபாசங்களைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அங்கே போய், உங்கள் வருத்தம் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அப்படிப் பொறுத்துப்போகச் சொல்கிற யாரையும் நான் ஏற்கமாட்டேன். தேதி, நேரம், பதிவின் முகவரி, எழுதிய கணக்கின் பெயர் எல்லாம் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாக் செய்வது அதற்குப் பிறகு. சைபர் குற்றங்களுக்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம், சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் செய்கைக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவு இருக்கிறது. அதே சமயம், நம் கருத்து பிடிக்காமல் கடுமையாக எழுதியவர்மீது போலீஸை ஏவுவதும் நியாயம் இல்லை. எரிச்சலூட்டினார் என்பதற்காகவெல்லாம் கைதுசெய்ய இடம் கொடுத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. விவாதிப்பதும், ஒரு கருத்துக்காக வாதாடுவதும் எவ்வளவு பிடிக்காததாக இருந்தாலும் உரிமைதான், தூண்டிவிடுவதுதான் எல்லை என்றது அந்தத் தீர்ப்பு. எனக்கு வருகிற கடிதங்களை அந்த அளவுகோலில் வைத்துத்தான் இன்றும் பார்க்கிறேன்.

கும்பகோணத்து வாசகிக்கு வருகிறேன். பெரியப்பாவுக்குப் போன் செய்யுங்கள். குரூப்பில் வேண்டாம், தனிச் செய்தியும் வேண்டாம், குரல்தான் வேண்டும். முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டது மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். வீடியோ பழையது என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஏன் பழையது என்று தெரிந்தது என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், அந்த வீடியோவில் அவரைக் கலங்கவைத்தது எது என்றும் கேளுங்கள். அந்தக் கலக்கம் பொய்யாக இருக்காது. இனி இப்படி ஏதாவது வந்தால் குரூப்பில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம் என்று சொன்னால் பெரியவர்கள் மகிழ்ந்துதான் போவார்கள். திருத்தத்தை அவரே குரூப்பில் போடட்டும். அவர் போட்டால் நாலு பேர் நம்புவார்கள், நீங்கள் போட்டால் தம்பிகள் சிரிப்பார்கள். தம்பிகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இந்த இதழில் 34ஆம் பக்கத்தில், நீட் தேர்வைப் பற்றி நேர் எதிரான இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டையும் எழுதியவர்கள் அரசு மருத்துவர்கள், ஒரே மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள், இன்றும் நண்பர்கள். ஒருவர் கட்டுரையை மற்றவர் அச்சுக்கு முன்பே படித்துவிட்டுத்தான் தன்னுடையதை முடித்தார். உங்களில் பலருக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று கோபமூட்டும். இரண்டையும் படியுங்கள். பிறகு, நீங்கள் மறுக்கிற கட்டுரையை எழுதியவருக்கே எழுதுவதாக நினைத்து, அவர் பெயரைச் சொல்லி அழைத்து எழுதுங்கள். அவர் சொன்னதில் எந்த வாதத்தை மறுக்கிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். வரும் 20ஆம் தேதிக்குள் வந்து சேரும் கடிதங்களை அந்த இருவரிடமும் அப்படியே கொடுத்துவிடுவேன். அவர்கள் பதில்களோடு சேர்த்து அடுத்த இதழில் வெளியிடுவோம். பெயரும் ஊரும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்